எல்லைக் காப்பாளரின் கடிதத்தை வாசிப்பது எப்படி: 16-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்து–ஸ்காட்லாந்து ஆவணங்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

1560 முதல் 1603 வரை இங்கிலாந்து–ஸ்காட்லாந்து எல்லையில் எழுதப்பட்ட அரசுக் கடிதங்களை அச்சுப் பதிப்பில் முதன்முதலாக வாசிக்கப்போகிறவருக்காக இந்த வழிகாட்டியை எழுதுகிறேன். என்னோடு சேர்ந்து இவற்றை வாசித்த புதியவர்களில் ஆங்கிலம் புரியாமல் நின்றவர்கள் மிகச் சிலரே. பலரும் கடிதத்தின் உள்ளடக்கத்துக்கு நேராகப் பாய்ந்துவிட்டு, தேதி, பதவி, பெயர் ஆகியவற்றைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டதால்தான் தவறான முடிவுக்குப் போனார்கள். எனவே கீழே உள்ள வரிசையை மாற்றாமல் பின்பற்றுங்கள்; ஒவ்வொரு படியின் விடையும் அடுத்த படிக்குத் தேவைப்படும்.

எடுத்துக்காட்டாக ஒரே வழக்கை இறுதிவரை எடுத்துக்கொள்கிறேன். ஸ்காட்லாந்தின் ஆர்ம்ஸ்ட்ராங் குலத்தைச் சேர்ந்த வில்லியம், அதாவது 'கின்மான்ட் வில்லி', இங்கிலாந்துத் தரப்பினரால் பிடிக்கப்பட்டு கார்லைல் கோட்டையில் வைக்கப்பட்டதும், வால்டர் ஸ்காட் ஆஃப் பக்ளூ அவரை இரவோடு இரவாக மீட்டுச் சென்றதுமே அந்த வழக்கு.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

எல்லையின் நிலப்படம் ஒன்றும், நாள்காட்டி மாற்றங்களைக் குறித்த அட்டவணை ஒன்றும், பதவியில் இருந்தவர்களின் பெயர்ப் பட்டியல் ஒன்றும், வெற்றுத் தாள்கள் சிலவும் போதும். பெயர்ப் பட்டியலை நீங்களே தயாரிப்பது நல்லது. தயாரிக்கும்போதே பாதிக் குழப்பம் நீங்கிவிடும்.

மூல ஏட்டின் கையெழுத்தோடு தொடங்காதீர்கள். 1894-இலும் 1896-இலும் இரு தொகுதிகளாக வெளிவந்த 'பார்டர் பேப்பர்ஸ்' தொகுப்பில் இந்தக் காலத்துக் கடிதங்கள் அச்சில் கிடைக்கின்றன. ஆனால் அத்தொகுப்பு பல கடிதங்களைச் சுருக்கித் தருகிறது. சுருக்கப்பட்ட பகுதியின் சொற்கள் 19-ஆம் நூற்றாண்டுப் பதிப்பாசிரியருடையவை என்பதால், சொல் நுணுக்கத்தை வைத்து வாதம் செய்ய வேண்டுமானால் முழுதாக எடுத்தெழுதப்பட்ட பகுதியை மட்டும் பயன்படுத்துங்கள்.

சொல்லாட்சி பற்றி ஒரு குறிப்பு: எல்லை நிலத்தை ஆங்கிலத்தில் மார்ச் என்பார்கள். தமிழில் அப்படியே எழுதினால் மாதத்தோடு குழம்பும். 'எல்லை மண்டலம்' என்று எழுதுகிறேன். வார்டன் என்றால் நமக்கு விடுதிதான் நினைவுக்கு வருகிறது. ஆகவே ஒரு மண்டலத்தின் காவலுக்கு அரசு வைத்த அந்த அதிகாரியை 'எல்லைக் காப்பாளர்' என்கிறேன்.

1. கடிதம் எழுதப்பட்ட இடத்தை நிலப்படத்தில் குறியுங்கள்

எல்லையின் இரு புறமும் கிழக்கு, நடு, மேற்கு என மும்மூன்று மண்டலங்கள் இருந்தன. ஆக மொத்தம் ஆறு. இங்கிலாந்தின் கிழக்கு மண்டலத்துக்கு பெரிக், மேற்கு மண்டலத்துக்கு கார்லைல் தலைமையிடம். நடு மண்டலத்தில் டைன்டேல், ரெட்ஸ்டேல் பள்ளத்தாக்குகள் இங்கிலாந்துப் புறமும், டீவியட்டேல் ஸ்காட்லாந்துப் புறமும் இருந்தன. லிடஸ்டேல் பள்ளத்தாக்கு மட்டும் ஸ்காட்லாந்துத் தரப்பில் தனிக் காவலர் ஒருவரின் கையில் இருந்தது.

இந்த விலக்கு சிறியதாகத் தோன்றினாலும் நம் வழக்கு அதில்தான் தொங்குகிறது. பக்ளூ எல்லைக் காப்பாளர் அல்லர், லிடஸ்டேலின் காவலர். அவரை மேற்கு மண்டலக் காப்பாளர் என்று எழுதிவிட்டால், கார்லைலில் இருந்த காப்பாளர் அவரோடு ஏன் பதவி மரியாதை பற்றிச் சண்டையிட்டார் என்பதே புரியாமல் போகும்.

'வடக்கே ஸ்காட்லாந்து, தெற்கே இங்கிலாந்து' என்று மனத்தில் கோடு போடாதீர்கள். எல்லை வடகிழக்கிலிருந்து தென்மேற்காகச் சரிகிறது. இங்கிலாந்தின் பெரிக், ஸ்காட்லாந்தின் கெல்சோவுக்கும் ஜெட்பர்க்குக்கும் வடக்கே இருக்கிறது. 'தெற்கு நோக்கிப் போனார்கள்' என்ற வரியை 'இங்கிலாந்துக்குள் போனார்கள்' என்று ஒருவர் மொழிபெயர்த்ததைப் பார்த்திருக்கிறேன். அந்தக் குதிரைகள் ஸ்காட்லாந்தை விட்டு வெளியே போகவே இல்லை.

எஸ்க், சார்க் ஆறுகளுக்கு இடையில் 'வழக்குநிலம்' (டிபேட்டபிள் லேண்ட்) ஒன்று இருந்தது. இரு நாடுகளும் உரிமை கோரிய அந்தத் துண்டை 1552-இல் பிரெஞ்சுத் தூதரை நடுவராக வைத்துப் பிரித்து, நடுவே மண்மேடு எழுப்பினார்கள். பிரித்த பிறகும் கடிதங்களில் பழைய பெயரே தொடர்கிறது. ஆகவே அந்தப் பெயரைக் கண்டதும் 1552-க்கு முந்தைய கடிதம் என்று முடிவு கட்டாதீர்கள்.

2. தேதியை இன்றைய கணக்குக்கு மாற்றுங்கள்

இடத்தை அடுத்துத் தேதிக்கு வருவதற்குக் காரணம், எந்த நாட்டில் எழுதப்பட்டது என்பதைப் பொறுத்து ஆண்டே மாறும் என்பதுதான். இங்கிலாந்தில் புத்தாண்டு மார்ச் 25 அன்று தொடங்கியது. 1752 வரை அப்படியே இருந்தது. ஸ்காட்லாந்தும் அதையே பின்பற்றிவந்து, 1600 முதல் ஜனவரி 1-க்கு மாறியது.

கின்மான்ட் வில்லி பிடிபட்டது மார்ச் 17. மீட்கப்பட்டது ஏப்ரல் 13. அன்றைய கணக்கில் முதல் தேதியின் ஆண்டு 1595, இரண்டாவதன் ஆண்டு 1596. இன்றைய கணக்கில் இரண்டும் 1596. இடைவெளி 27 நாட்கள். என் முதல் காலவரிசைத் தாளில் நான் அந்த மனிதரை ஓராண்டுக்கு மேல் சிறையில் வைத்திருந்தேன். ஸ்காட்லாந்து அரசர் ஏன் இத்தனை மாதம் வாளாவிருந்தார் என்று அரைப் பக்க விளக்கமும் எழுதியிருந்தேன்.

1600-க்குப் பிறகு சிக்கல் இரட்டிப்பாகிறது. எலிசபெத் அரசி இறந்த மார்ச் 24, இங்கிலாந்துக்கு 1602-இன் கடைசி நாள். ஸ்காட்லாந்துக்கு அது 1603. அந்தச் செய்தியோடு லண்டனிலிருந்து குதிரையில் புறப்பட்ட ராபர்ட் கேரி 26-ஆம் தேதி இரவு எடின்பரோவை அடைந்தபோது இரு நாடுகளும் ஒரே ஆண்டை எழுதிக்கொண்டிருந்தன. ஜனவரி 1-க்கும் மார்ச் 24-க்கும் இடைப்பட்ட எந்தக் கடிதத்துக்கும் '1595/6' என்பதுபோல் இரு ஆண்டையும் சேர்த்தே குறித்துக்கொள்ளுங்கள்.

பிரான்சு, ஸ்பெயின் தூதர்களின் கடிதங்கள் வந்து கலந்தால் இன்னொரு திருத்தமும் தேவை. அந்நாடுகள் 1582-இல் கிரிகோரியன் நாள்காட்டிக்கு மாறிவிட்டதால், அவர்களின் தேதி பத்து நாள் முன்னே ஓடும்.

3. யார், யாருக்கு, எதை வேண்டி எழுதுகிறார் என்று ஒரு வரியில் எழுதுங்கள்

தேதி தெரிந்தால்தான் பதவியில் இருந்தவர் யாரென்று சொல்ல முடியும். கார்லைலில் இருந்து எழுதும் 'லார்டு ஸ்க்ரூப்' 1592 வரை ஹென்றி. 1593 முதல் அவர் மகன் தாமஸ். கடிதத்தைப் பெறும், அரசியின் அமைச்சர்களான 'செசில்' குடும்பத்திலும் இதே நிலை: 1590-களில் தந்தை பர்லி பிரபுவும் மகன் ராபர்ட் செசிலும் ஒரே காலத்தில் எல்லைக் கடிதங்களைப் பெற்றார்கள். ஒருவருக்கு எழுதியதை மற்றவருக்கு எழுதியதாகக் கொண்டால், கடிதத்தின் தொனியைத் தவறாக அளப்பீர்கள்.

இரு தரப்புக் காப்பாளர்களும் ஒரே வகை அதிகாரிகள் என்று எண்ணாதீர்கள். இங்கிலாந்து அரசி பெரும்பாலும் உள்ளூர்ப் பகைகளில் சிக்காத பிரபுக்களை, லண்டனின் கண்பார்வையில் இருப்பவர்களை, அனுப்பினார். ஸ்காட்லாந்தில் அந்தப் பதவி பெரும்பாலும் உள்ளூர்க் குலத்தலைவர்களான கெர், ஹோம், மேக்ஸ்வெல், ஜான்ஸ்டன் ஆகியோரிடையே சுற்றியது. 1593 டிசம்பரில் ட்ரைஃப் சாண்ட்ஸ் என்ற இடத்தில் ஜான்ஸ்டன்களோடு நடந்த மோதலில் கொல்லப்பட்ட மேக்ஸ்வெல் பிரபு, அப்போது ஸ்காட்லாந்து மேற்கு மண்டலத்தின் காப்பாளராக இருந்தவர். கையொப்பமிடும் காப்பாளரே குலப்பகையில் ஒரு கட்சிக்காரராக இருக்கக்கூடும் என்பதை ஒவ்வொரு முறையும் சோதியுங்கள்.

அடுத்து, கடிதத்தின் வேண்டுகோளைக் கண்டுபிடியுங்கள். ஸ்க்ரூப் 1596 ஏப்ரல் 13 அன்று லண்டனில் இருந்த அரசியின் ஆலோசனை மன்றத்துக்கு எழுதிய கடிதத்தில், கடப்பாரை, கோடரி, ஏணிகளோடு 500 குதிரை வீரர்கள் நள்ளிரவில் வந்து கோட்டை வெளிமுற்றத்தின் ஒரு மூலையில் புகுந்தார்கள் என்கிறார். காவலர்கள், புயலடித்த இரவு என்பதால், ஒன்று தூங்கியிருக்க வேண்டும் அல்லது மழைக்கு ஒதுங்கியிருக்க வேண்டும் என்றும் சேர்க்கிறார்.

தன் பொறுப்பில் இருந்த கோட்டையிலிருந்து கைதி ஒருவர் தப்பிய அன்றே அதிகாரி எழுதும் விளக்கம் இது. 500 என்ற எண் அந்த விளக்கத்தின் உறுப்பு. வேறு விவரிப்புகள் இதைவிட மிகச் சிறிய எண்களைத் தருகின்றன. எண்ணைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. 'ஸ்க்ரூப் கூற்றுப்படி' என்ற இரு சொற்களை விட்டுவிடாமல் இருந்தால் போதும். எல்லைக் காப்பாளர்களின் கடிதங்களில் ஆள் பற்றாக்குறையும் பணப் பற்றாக்குறையும் ஓயாமல் வருவதையும் இதே கண்ணோடு பாருங்கள்.

4. பெயர்களைக் குலம், நிலம், பட்டப்பெயர் எனப் பிரித்து எழுதுங்கள்

புதியவர்கள் அதிகம் இடறுவது இங்கேதான். பாதி நேரத்தை இந்தப் படிக்கே ஒதுக்குங்கள். எல்லையில் சில குலப்பெயர்களும் அவற்றைவிடக் குறைவான முதற்பெயர்களுமே புழங்கின. ஒரே பள்ளத்தாக்கில் பல வில்லியம் ஆர்ம்ஸ்ட்ராங்குகள் வாழ்ந்ததால், ஊராரே மூன்று வழிகளில் வேறுபாடு காட்டினார்கள்.

முதல் வழி நிலப்பெயர். ஸ்காட்லாந்தில் நிலக்கிழாரை அவர் நிலத்தின் பெயராலேயே அழைப்பது வழக்கம். 'பக்ளூ' என்றால் வால்டர் ஸ்காட். 'செஸ்ஃபோர்டு' என்றால் ராபர்ட் கெர். ஆனால் வால்டர் ஸ்காட் என்று மட்டும் இருந்தால் நில்லுங்கள். ஸ்க்ரூப்பின் அதே ஏப்ரல் கடிதத்தில், படையை நடத்தி வந்தவராக முதலில் குறிக்கப்படுபவர் ஹார்டன் நிலத்து வால்டர் ஸ்காட். பக்ளூவின் உறவினர், வேறு ஆள். இருவரையும் ஒருவராக்கினால் அந்த வாக்கியமே சிதையும்.

இரண்டாவது, தந்தை பெயரையும் பாட்டன் பெயரையும் அடுக்குவது. 'ஜாக்கின் மகன் வில்லியின் மகன் டேவி' என்ற வகையில் மூன்று முதற்பெயர்கள் தொடர்ந்து வந்தால், அது ஒரே ஆளின் பெயர். மூன்று பேராக எண்ணி, கொள்ளையில் ஈடுபட்டவர்களின் தொகையை மும்மடங்காக்கிய தாள் ஒன்றை நான் திருத்தியிருக்கிறேன்.

மூன்றாவது பட்டப்பெயர். க்ரோசர் குலத்து கிளெம் ஒருவருக்கு 'மூக்கில்லா கிளெம்' என்றே பெயர். இவை அரசு ஆவணங்களில் கூச்சமின்றி எழுதப்பட்டன. கிண்டல் என்று நினைத்து விட்டுவிடாதீர்கள், ஆளை அடையாளம் காணும் ஒரே கருவி சில நேரம் அதுதான்.

எழுத்துக்கூட்டலை நம்பாதீர்கள். எல்லியட் என்ற குலப்பெயர் எல்வுட் என்றும், கிரஹாம் கிரேம் என்றும், கெர் கார் என்றும் எழுதப்படும். ஒவ்வொரு குலத்துக்கும் ஒரு தாள் வைத்து, கண்ட எல்லா வடிவங்களையும் அதில் ஏற்றுங்கள்.

பெண்களின் பெயருக்குத் தனி விதி உண்டு. இங்கிலாந்தில் மணமான பெண் கணவரின் குலப்பெயரை ஏற்றாள். ஸ்காட்லாந்தில் பிறந்த குலப்பெயரையே வைத்துக்கொண்டாள். ஆகவே ஸ்காட்லாந்துக் கடிதத்தில் கணவன் மனைவிக்கு இரு வேறு குலப்பெயர்கள் இருப்பது இயல்பு. அது இரு குலங்களுக்கு இடையிலான உறவை உங்களுக்கு இலவசமாகக் காட்டிக்கொடுக்கும்.

அந்த உறவுக் கோடுகளைத் தாளில் வரைந்த பிறகே 'ஸ்காட்டிஷ்காரர்கள்', 'ஆங்கிலேயர்கள்' என்ற சொற்களைப் பயன்படுத்துங்கள். உரிமமின்றி எல்லை தாண்டி மணம் செய்வதை இங்கிலாந்துச் சட்டம் துரோகமாகக் கருதியது. ஆனாலும் அது நடந்துகொண்டேதான் இருந்தது. கின்மான்ட் வில்லியின் மனைவி கிரஹாம் குலத்தவர். கிரஹாம்கள் பெரும்பாலும் இங்கிலாந்துப் பக்கம் வாழ்ந்தவர்கள். கார்லைல் கோட்டைக்குள் பக்ளூ நுழைய உதவியவர்கள் யார் என்று ஸ்க்ரூப் தேடியபோது, அவரது சந்தேகம் விழுந்தது தம் அரசியின் குடிகளான கிரஹாம்கள் மீதும் கார்ல்டன் குடும்பத்தார் மீதும்தான். நாட்டை மட்டும் வைத்துக் கட்சி பிரித்தவருக்கு இந்தக் கடிதங்கள் பைத்தியக்காரத்தனமாகவே தெரியும்.

5. பழகிய சொற்களின் அன்றைய பொருளைப் போடுங்கள்

பெயர்கள் தெளிந்த பின்னரே இந்தப் படி வர வேண்டும். ஏனெனில் சட்டச் சொற்கள் எல்லாம் 'யார் மீது யார்' என்பதைச் சுற்றியே இயங்குகின்றன. தெரியாத சொல் வந்தால் நீங்களே அகராதியைத் திறப்பீர்கள். தெரிந்ததுபோல் தோன்றும் சொல்தான் ஆபத்து.

'பில்' என்பது எல்லை தாண்டி நடந்த குற்றத்துக்கான புகார்ப் பத்திரம். அது 'ஃபைல்ட்' என்று குறிக்கப்பட்டால், பதிவு செய்யப்பட்டது என்று பொருள் அல்ல. 'கறைபட்டது', அதாவது குற்றம் மெய்யென்று தீர்ந்தது என்று பொருள். 'கிளீன்' என்றால் குற்றமற்றவர் என்ற தீர்ப்பு. இந்த ஒரு சொல்லைத் தவறாகப் புரிந்தவர், தண்டிக்கப்பட்டவர்களை எல்லாம் விசாரணை நிலுவையில் உள்ளவர்களாக எண்ணிக்கொண்டு பக்கம் பக்கமாகப் போவார்.

தீர்ப்பு நடந்த களம் 'அமைதி நாள்'. இரு தரப்புக் காப்பாளர்களோ துணைவர்களோ குறித்த இடத்தில் கூடுவார்கள். நடுவர் குழுவுக்கு ஆறு ஸ்காட்டிஷ்காரர்களை இங்கிலாந்துக் காப்பாளரும், ஆறு ஆங்கிலேயர்களை ஸ்காட்லாந்துக் காப்பாளரும் தேர்ந்தெடுப்பார்கள். இதைத் தவிர, காப்பாளர் தம் மானத்தின் மேல் ஆணையிட்டுத் தீர்ப்பதும் உண்டு; குற்றம் சாட்டப்பட்டவரின் நாட்டிலிருந்தே ஒருவர் முன்வந்து 'ஆம், உண்மை' என்று உறுதி சொல்வதும் உண்டு. எந்த வழியில் தீர்ந்தது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். மூன்றாவது வழி என்றால், உறுதி சொன்னவருக்கும் குற்றவாளியின் குலத்துக்கும் பகை இருந்ததா என்று நான்காம் படித் தாளில் தேட வேண்டும்.

குற்றம் தீர்ந்தால், இழந்த பொருளின் மதிப்பும் அதற்கு மேல் இரு மடங்கும் கட்ட வேண்டும். பணம் வரும்வரை 'பிளெட்ஜ்' கொடுக்கப்படும். இது வாக்குறுதி அல்ல, பிணையாக ஒப்படைக்கப்படும் உயிருள்ள மனிதர்.

'அஷ்யூரன்ஸ்' என்பது அமைதி நாளுக்கு வந்தவர்கள் வீடு திரும்பும்வரை யாரும் அவர்களைத் தொடக் கூடாது என்ற உறுதிப்பாடு. வழக்கமாக மறுநாள் சூரிய உதயம் வரை நீடிக்கும். ஸ்க்ரூப்பின் துணைவர் சால்கெல்ட் நடத்திய அமைதி நாள் முடிந்து, லிடல் ஆற்றோரமாகத் திரும்பிக்கொண்டிருந்தபோதுதான் கின்மான்ட் வில்லி துரத்திப் பிடிக்கப்பட்டார். அவர் கொள்ளையர் என்பதில் எவருக்கும் ஐயம் இல்லை. சண்டை முழுவதும் உதயத்துக்கு முன் பிடித்தது செல்லுமா என்பதைப் பற்றியது. இந்தச் சொல்லைத் தாண்டிப் போனவர்கள், ஒரு கொள்ளைக்காரருக்காக இரு அரசுகள் ஏன் ஓராண்டு கடிதம் எழுதிக்கொண்டன என்று என்னிடம் கேட்டிருக்கிறார்கள்.

'ஹாட் ட்ராட்' சட்டப்படியான துரத்தல்: திருட்டு நடந்த ஆறு நாட்களுக்குள், ஈட்டி முனையில் எரியும் புற்கரணையைத் தூக்கி, நாயோடும் ஊதுகொம்போடும் எல்லை தாண்டலாம். ஆகவே ஆயுதம் தாங்கிய குதிரைக் கூட்டம் எல்லை தாண்டியது என்று கடிதம் சொன்னால், அது கொள்ளையா மீட்பா என்று தீர்மானிக்க நாட்களை எண்ணுங்கள்.

இன்னும் சிலவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 'பிளாக்மெயில்' இங்கே இரகசியத்தை வைத்து மிரட்டுவது அல்ல. கொள்ளையடிக்காமல் இருக்கவும் பிறர் கொள்ளையடிக்காமல் காக்கவும் குடியானவர் கட்டிய காப்புக் கப்பம், 'மெயில்' என்றால் குத்தகைப் பணம். 'கன்ட்ரி' பெரும்பாலும் நாடு அல்ல, தன் வட்டாரம். 'ஃபிரெண்ட்ஸ்' நண்பர்கள் மட்டும் அல்லர், தோள் கொடுக்கக் கடமைப்பட்ட உறவினரும்தான். 'புரோக்கன் மென்' உடைந்துபோனவர்கள் அல்லர். பொறுப்பேற்கத் தலைவன் இல்லாதவர்கள்.

6. எண்ணையும் பணத்தையும் சரிபாருங்கள்

ரோமன் எண்ணுக்கு மேல் சிறிதாக இரு குறுக்குக் குறிகள் இருந்தால், அந்த எண்ணை இருபதால் பெருக்குங்கள். நான்குக்கு மேல் அது இருந்தால் எண்பது. எண்ணின் கடைசியில் வரும் 'ஜே' வடிவ எழுத்து ஒன்று என்பதே.

ஸ்காட்லாந்துப் பவுண்டும் இங்கிலாந்துப் பவுண்டும் ஒன்றல்ல. 1603-இல் 12 ஸ்காட்லாந்துப் பவுண்டுக்கு ஓர் இங்கிலாந்துப் பவுண்டு என்று நிலைநிறுத்தினார்கள். அந்தக் கணக்கில் 1,000 ஸ்காட்லாந்துப் பவுண்டு அபராதம் சுமார் 83 இங்கிலாந்துப் பவுண்டுதான். முந்தைய பத்தாண்டுகளில் விகிதம் வேறு. 12-ஐப் பின்னோக்கிப் பயன்படுத்தாதீர்கள். புகார்ப் பத்திரங்களில் உள்ள இழப்புத் தொகை, மும்மடங்கு கிடைக்கும் என்று தெரிந்தவர் எழுதியது என்பதையும் மறக்க வேண்டாம்.

7. மறுகரையின் கடிதத்தை அதே தாளில் பக்கத்தில் எழுதுங்கள்

ஒரே நிகழ்வுக்கு இரு தரப்புக் கடிதமும் கிடைக்கும் வரை முடிவு எழுத வேண்டாம். தாளை நெடுக்காக மடித்து, இடப்பக்கம் கார்லைல் கூற்றையும் வலப்பக்கம் ஸ்காட்லாந்துக் கூற்றையும் தேதி வரிசையில் எழுதுங்கள். ஒரு பக்கத்தில் வெற்றிடம் விழுந்தால் அதை அப்படியே விடுங்கள், மௌனமும் சான்றுதான். கின்மான்ட் வழக்கில் இடப்பக்கம் ஏப்ரல் 13-இல் நிரம்பி வழியும். வலப்பக்கம் மார்ச் 17-இல் நிரம்பி வழியும். ஒவ்வொருவரும் தமக்கு நேர்ந்த அவமதிப்பிலிருந்து கதையைத் தொடங்குகிறார்கள்.

அதற்குப் பின் மேலிருந்து ஒரு வரி சேர்க்க வேண்டும்: அரசர்களின் கணக்கு. ஸ்காட்லாந்து அரசர் ஆறாம் ஜேம்ஸ் 1586 முதல் எலிசபெத்திடம் உதவித்தொகை பெற்றுவந்தார். எலிசபெத்துக்குப் பிறகு இங்கிலாந்து அரியணையை எதிர்பார்த்திருந்தார். தம் மக்கள் கொண்டாடிய பக்ளூவை, 1597-இல் இங்கிலாந்துத் தரப்பிடம் சரணடைய அவர் விட்டதை எல்லைக் கடிதங்களை மட்டும் வைத்து விளக்க முடியாது.

8. தமிழில் எழுதும்போது

'ஆநிரை கவர்தல்' என்ற சொல் நாவில் வந்து நிற்கும். வெட்சித் திணையில் அது வேந்தன் ஏவிய போரின் தொடக்கம். இங்கே கின்மான்ட் வில்லியை எந்த வேந்தனும் ஏவவில்லை. 'கால்நடைக் கொள்ளை' என்றே எழுதுங்கள். குதிரையும் வீட்டுச் சாமான்களும் போயிருந்தால் அவற்றையும் சேர்த்து எழுதுங்கள்.

1603-க்குப் பிந்தைய கடிதத்தை எடுத்தால் இந்த வழிகாட்டியின் மூன்றாம், ஐந்தாம் படிகள் செல்லாது. ஜேம்ஸ் இரு நாட்டுக்கும் அரசரானதும் எல்லை நிலத்தை 'நடு மாவட்டங்கள்' என்று அழைக்கச் சொன்னார். 1605-இல் ஒவ்வொரு நாட்டுக்கும் ஐவராகப் பதின்மர் கொண்ட ஆணையம் அமைந்தது. நேற்றுவரை அமைதி நாளுக்குப் போன வழக்கு இப்போது நேரே தூக்குமேடைக்குப் போனது. நீங்கள் குலவாரியாகத் தயாரித்த பெயர்த் தாள்களை மட்டும் எறிந்துவிடாதீர்கள். அடுத்த ஓரிரு ஆண்டுகளில் அயர்லாந்தின் ராஸ்காமனுக்குக் கப்பலேற்றப்பட்ட கிரஹாம்களின் பட்டியலை வாசிக்கும்போது, அந்தத் தாளில் உள்ள பட்டப்பெயர்களே உங்களுக்கு ஆளை அடையாளம் காட்டும்.